ஜலத்தின் மேல் சுமத்திய பழி

ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பேரன் அடுத்தடுத்து இரண்டு முறை தும்மிவிட்டு மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வானேயானால், அந்த வீட்டில் உடனே ஒரு விசாரணை தொடங்கிவிடும். "மழையில் நனையாதேடா என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேனே, கேட்டாயா?" என்று பாட்டி ஆரம்பிப்பாள். "ஈரத் தலையோடு தூங்கினான்" என்று தாயார் சாட்சி சொல்வாள். கடைத்தெருவில் தாம் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் நினைவுக்கு வரவே, தகப்பனார் வாயைத் திறக்காமல் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார். மழை, பனி, ஈரத் தலை, இளநீர், வாழைப்பழம் என்று குற்றவாளிகளின் ஜாபிதா நீண்டுகொண்டே போகும். ஆனால், மூன்று நாட்களாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழனை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

இந்த வியாதிக்கு நாம் சூட்டியிருக்கும் பெயரே ஒரு குற்றப்பத்திரிகைதான். ஜலத்தினால் விளைந்த தோஷம் ஜலதோஷம். சித்த வைத்தியர்கள் இதனை நீர்க்கோவை என்பார்கள். நீர் தலையில் ஏறிக் கோத்துக்கொண்டது என்பது அதன் கருத்து. யாழ்ப்பாணத்தார், காரணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், தலையும் மூக்கும் கனத்துத் தடித்துப்போன அநுபவத்தையே எடுத்துக்கொண்டவர்கள் போலத் தடிமன் என்று சொல்லிவிட்டார்கள். ஆங்கிலேயர்களோ நீரை விடுவித்துக் குளிரைக் கைது செய்து, வியாதிக்கே குளிர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவ்வாறு தேசத்துக்குத் தேசம் பழியானது நீரின் மேலோ காற்றின் மேலோ பனியின் மேலோ விழுந்திருக்கிறதே தவிர, மனிதனின் மேல் விழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் நமக்கு அதில் பொறுப்பு ஒன்றும் இல்லை அல்லவா?

இந்தப் பொது அபிப்பிராயத்துக்கு மாறாகச் சிந்தித்தவர்கள் முற்காலத்திலும் இல்லாமல் போகவில்லை. மின்னலின் இரகசியத்தை ஆராய்ந்தவரும், அமெரிக்கக் குடியரசை நிர்மாணித்தவர்களுள் ஒருவருமான பெஞ்சமின் பிராங்க்ளின், கிருமிகளால் வியாதி உண்டாகிறது என்ற கொள்கை வைத்திய சாஸ்திரத்தில் வேரூன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக, 1773-ஆம் ஆண்டில் ஒரு வைத்திய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஈரத்தினாலோ குளிரினாலோ அன்று, அடைத்த அறைகளிலும் வண்டிகளிலும் பலர் நெருங்கி உட்கார்ந்து ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பதனாலேயே ஜலதோஷம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று தமக்குத் தோன்றுவதாகத் தெரிவித்திருக்கிறார். அது ஊகந்தான், ஆயினும் கூரிய ஊகம். அதற்குப் பிரத்தியட்சமான சாட்சி, வேடிக்கையாக, கடுங்குளிர் நிலவும் ஓர் ஊரிலிருந்து வந்தது.

நார்வே தேசத்துக்கு வடக்கே, வடதுருவத்துக்கு அருகில், ஸ்பிட்ஸ்பெர்கன் என்னும் தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த லாங்இயர்பியென் என்றொரு சிற்றூர் இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் அங்கே உதிப்பதே இல்லை. சுற்றியிருக்கும் கடல் அந்தக் காலத்தில் உறைந்துவிடுமாதலால், இலையுதிர்ப் பருவத்துக் கடைசிக் கப்பல் போன பின், அடுத்த வசந்தம் வரையில் வெளியுலகத்திலிருந்து ஒரு மனிதனும் அங்கே வர வழியில்லாதிருந்தது. குளிரே ஜலதோஷத்துக்குக் காரணமானால், அவ்வூரார் அந்த மாதங்கள் முழுவதும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்திருக்கவேண்டும். 1930-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே தங்கி ஊராரைக் கவனித்து வந்த பால், ஃப்ரீஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவரும் கண்டதோ நேர்மாறானது. கப்பல் நின்று சில வாரங்கள் ஆனபின், கடுங்குளிர் நிலவிய காலத்தில், ஜலதோஷம் ஊரைவிட்டே ஏறக்குறைய மறைந்து போயிற்று. வசந்தம் பிறந்து, பனிக்கட்டி விலகி, முதல் கப்பல் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சிய சில நாட்களுக்குள், வெயில் இதமாகக் காயத் தொடங்கிய அந்த வேளையில், ஊரெங்கும் தும்மல் கேட்டது. கப்பல் சுமந்து வந்தது சரக்குகளையும் கடிதங்களையும் மட்டுமன்று; மாலுமிகளின் மூக்கில் ஏறி வந்த வேறொரு பிரயாணியையும் அது இறக்கிவிட்டுப் போயிருந்தது.

அந்தப் பிரயாணி யார் என்பதற்குத் துப்பு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் வால்டர் குரூஸெ என்பவர், 1914-ஆம் ஆண்டில், ஜலதோஷம் கண்டிருந்த தம் உதவியாளரின் மூக்குநீரை எடுத்து, சாதாரணக் கிருமிகள் எவையும் புகமுடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரைத் தம்முடன் வேலை பார்த்த பன்னிருவரின் மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். அவர்களில் நால்வருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் புலப்படாத, வடிகட்டிக்கும் அகப்படாத ஏதோ ஒன்று அந்த நீரில் இருக்கவேண்டும் என்று இதனால் விளங்கிற்று. அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று வைரஸ் என்கிறோம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், இந்த வியாதியை ஆராய்வதற்கென்றே இங்கிலாந்தில் ஸால்ஸ்பரி நகரத்துக்கு அருகே ஒரு நிலையம் 1946-இல் தோன்றியது. யுத்த காலத்தில் கொள்ளைநோய் பரவினால் உதவட்டும் என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து அமைத்துக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டடங்களில், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் என்னும் வைத்திய விஞ்ஞானியின் தலைமையில் அந்த வேலை ஆரம்பமாயிற்று. பரீட்சைக்கு உடன்படும் மனிதர்கள் வேண்டுமே! பத்து நாட்கள் வந்து தங்கலாம், உணவும் இருப்பிடமும் இலவசம், கைச்செலவுக்குச் சிறிது பணமும் உண்டு, வயல்வெளிகளில் தாராளமாக உலாவலாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள். பரீட்சைக்குப் படிக்க அமைதியான இடம் தேடிய மாணவர்களும், செலவில்லாமல் ஓய்வெடுக்க விரும்பியவர்களும், தேனிலவுக்கு வந்த தம்பதிகளுங்கூட அங்கே வந்தார்கள் என்று சொல்வார்கள். இருவர் மூவராக அவர்களைத் தனித்தனி வீடுகளில் குடிவைத்து, வேறு எவரையும் நெருங்கலாகாது என்று கட்டுப்படுத்தி, மூக்கில் சில சொட்டு நீர் விடுவார்கள். அதில் வைரஸ் இருந்ததா, வெறும் உப்புநீர்தானா என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு எத்தனை முறை தும்முகிறார்கள், எத்தனை கைக்குட்டை செலவாகிறது என்று கணக்கு எடுப்பார்கள்.

பாட்டியின் வழக்கையும் அந்த நிலையத்தார் விசாரித்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, உடம்பைத் துவட்டவிடாமல், குளிர்காற்று வீசும் நடையில் அரைமணி நேரம் ஈர உடையோடு நிறுத்திவைத்து, அதன் பின்னும் ஈரக் காலுறைகளையே அணிந்திருக்கச் செய்தார்கள். பாவம், அவர்கள் பட்ட அவஸ்தை கொஞ்சமன்று. ஆயினும், மூக்கில் வைரஸ் விடப்படாமல் குளிரில் மட்டும் நடுங்கியவர்களுள் ஒருவருக்கும் ஜலதோஷம் வரவில்லை.

அதைவிட ரசமான ஒரு பரீட்சையும் அங்கே நடந்தது. பிற்காலத்தில் பூமி முழுவதும் ஒரே ஜீவன் போல இயங்குகிறது என்ற கொள்கையை வெளியிட்டுப் புகழ்பெற்ற ஜேம்ஸ் லவ்லாக் அப்போது அந்த நிலையத்தில் பணிபுரிந்து வந்தார். அவரும் மற்றவர்களும் ஒரு சிறிய குழாயை ஒருவரின் மூக்கருகே பொருத்தி, ஜலதோஷக்காரனுக்கு ஒழுகும் அளவில் ஒரு திரவம் அதிலிருந்து கசியும்படி செய்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் அந்தத் திரவம் கண்ணுக்குத் தெரியாது. புற ஊதாக் கதிர் பட்டால் பளிச்சென்று ஒளிவிடும். அந்த மனிதர் எல்லோரையும் போலக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நண்பர்களோடு சீட்டாடினார், சாப்பிட்டார், பேசிச் சிரித்தார். பின்பு விளக்குகளை அணைத்து, புற ஊதாக் கதிர் விளக்கை ஏற்றிப் பார்த்தபோது, அவருடைய முகம், கைவிரல்கள், சட்டை, சீட்டுகள், மேஜை, உணவு, உடன் ஆடியவர்களின் கைகள் ஆகிய எல்லாம் மின்மினி மொய்த்தாற்போல ஒளிர்ந்தன. நாகரிகமாகக் கைக்குட்டையை உபயோகித்துக்கொண்டிருந்த ஒருவரின் மூக்குநீர் எவ்வளவு தூரம் யாத்திரை செய்கிறது என்பதை அந்த ஒளி காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுள் பிரதானமானது, மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற ரைனோவைரஸ். அதில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் உலகத்தையே நடுங்கவைத்த கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த சில சாதுவான வைரஸ்களும் இவ்வேலையைச் செய்பவையே. அவற்றுள் ஒன்றை ஸால்ஸ்பரியினர் 1960-களில் ஒரு பள்ளிச் சிறுவனின் ஜலதோஷத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். ரைனோவைரஸைச் சோதனைச் சாலையில் வளர்ப்பதற்கு வெகுகாலம் முடியாமலிருந்ததன் காரணமும் விசித்திரமானது. தேகத்தின் உஷ்ணமாகிய 37 டிகிரியில் அதை வளர்க்க முயன்றார்களே அன்றி, குளிர்ந்த காற்று புகுந்து வெளிவரும் மூக்கின் உட்புறம் 33 டிகிரி அளவில்தான் இருக்கிறது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்நிலையத்து டேவிட் டிரெல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1960-இல் உஷ்ணத்தை 33 டிகிரிக்குக் குறைத்தபோது, வைரஸ் தன் சொந்த வீட்டை அடைந்தாற்போலச் செழித்து வளர்ந்தது.

மூக்கினுள் புகுந்த வைரஸ், அங்கே மெல்லிய சவ்விலுள்ள உயிரணுக்களுக்குள் நுழைந்து பெருகத் தொடங்கி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தன் குணத்தைக் காட்டும். மூக்கு ஒழுகுவதும், அடைப்பதும், தொண்டை கரகரப்பதும் வைரஸ் நேராகச் செய்யும் சேதத்தால் நிகழ்பவை என்பதைவிட, அந்நியனை விரட்டுவதற்காக நம் தேகம் எடுக்கும் யுத்த ஏற்பாடுகள் என்று சொல்வதே பொருந்தும். ஒரு வகையை வென்று அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றாலும், வேறொரு வகை வாசலில் காத்திருக்கும். ஆகையால்தான் வயது வந்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், இன்னும் எதையும் சந்தித்துப் பழகாத சிறு குழந்தைகளுக்கு ஆறு எட்டு முறையும் ஜலதோஷம் வருவது இயற்கையாக இருக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையின் தாயார் தன்னையே நொந்துகொள்ளவேண்டிய அவசியம் இல்லை.

வியாதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் பாதை எது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே நெடுங்காலம் விவாதம் நடந்திருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஜாக் க்வால்ட்னியும் ஓவன் ஹென்ட்லியும் கையே குற்றவாளி என்றார்கள். ஜலதோஷக்காரரின் கையைத் தொட்டபின் தங்கள் கண்ணையும் மூக்கையும் தொட்டுக்கொண்ட 15 பேரில் 11 பேருக்கு வைரஸ் தொற்றியது என்றும், காற்றின் வழியாக மட்டும் எதிர்ப்பட்ட 22 பேரில் ஒருவருக்கே தொற்றியது என்றும் 1978-இல் அவர்கள் வெளியிட்டார்கள். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து எலியட் டிக் என்பவரோ இதை ஒப்பவில்லை. அவர் ஜலதோஷக்காரர்களையும் சுகதேகிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பன்னிரண்டு மணி நேரம் சீட்டாடச் செய்தார். சுகதேகிகளில் பாதிப்பேருக்கு, கை முகத்துக்கு எட்டாதபடி கழுத்துப் பட்டையோ கைச்சட்டமோ மாட்டிவிட்டார். தடையின்றி முகத்தைத் தொட்டுக்கொண்ட 18 பேரில் 12 பேருக்கும், தொடவே முடியாதிருந்த 18 பேரில் 10 பேருக்கும் வியாதி தொற்றியது. பிறகு, ஜலதோஷக்காரர்கள் ஆடி நனைத்த அதே சீட்டுகளை வேறோர் அறைக்கு எடுத்துச் சென்று, சுகதேகிகள் பன்னிருவரிடம் கொடுத்து ஆடச் செய்தபோது ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆகவே காற்றே குற்றவாளி என்று 1987-இல் அவர் தீர்ப்பளித்தார்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் சாமானிய மனிதன், வைரஸுக்கு இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன என்று கொள்வதே விவேகம். தும்மலிலும் இருமலிலும் பேச்சிலும் வெளிப்படும் பெரிய திவலைகள் அருகிலேயே விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணியவை, காற்றோட்டமில்லாத அறையில், சிறிது நேரம் மிதந்துகொண்டிருக்கின்றன. இது காற்றின் வாசல். மூக்கைத் துடைத்த கையில் சில மணி நேரம் வரையில் உயிரோடிருக்கும் வைரஸ், கதவுப் பிடிக்கும் கைபேசிக்கும் மற்றவர் கைக்கும் மாறி, அங்கிருந்து அவருடைய மூக்குக்கோ கண்ணுக்கோ ஏறுகிறது. இது கையின் வாசல். கண்ணிலிருந்து மூக்குக்குள் கண்ணீர் இறங்கும் சிறு கால்வாய் ஒன்று இருப்பதால், கண்ணைக் கசக்குவதும் மூக்கைத் தொடுவதற்குச் சமானமே. அது நாகரிகமற்றவர்களின் பழக்கம் என்று யாரேனும் எண்ணுவாரேயானால், சபைகளில் கூடியிருந்தவர்களை மறைவாகக் கவனித்த வர்ஜீனியாக்காரர்கள், மருத்துவர்கள் கூடிய இடத்திலுங்கூட, மூக்கில் விரல் வைப்பதும் கண்ணைத் தேய்ப்பதும் சகஜமாக நடப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

நம்முடைய ஆசாரத்தில் எச்சிலுக்கு உள்ள அச்சம் பிரசித்தமானது. டம்ளரை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிக்கிறோம்; ஒருவர் கடித்ததை மற்றவர் தொடமாட்டோம். பல வியாதிகளுக்கு அது நல்ல காவலே. ஆனால் ஜலதோஷத்தின் விஷயத்தில் காவற்காரனைத் தப்பான வாசலில் நிறுத்தியிருக்கிறோம். ரைனோவைரஸ் எச்சிலில் இருப்பதைக் காட்டிலும் மூக்குநீரில்தான் மிகுதியாக இருக்கிறது. எச்சிலுக்கு அஞ்சும் அதே தாயார், குழந்தையின் ஒழுகும் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, அந்தக் கையோடு அடுத்த குழந்தைக்குச் சாதம் பிசைந்து ஊட்டுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கல்யாணப் பந்தியில், புறங்கையால் மூக்கை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அப்பளத்தை வரிசையாக வைத்துக்கொண்டு போகும் இளைஞரை எவரும் தடுப்பதில்லை.

அப்படியானால் மழைக்காலத்தில் ஜலதோஷம் அதிகமாவது ஏன் என்று பாட்டி கேட்பாள், நியாயமான கேள்வி. மழை பெய்தால் நாம் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வீட்டிலும் வகுப்பறையிலும் பஸ்ஸிலும் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகிறோம். கோடை விடுமுறையில் சிதறிக் கிடந்த பிள்ளைகள் அப்போது பள்ளியில் கூடியிருக்கிறார்கள். வைரஸுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? ஆயினும் பாட்டியின் கட்சியில் அணுவளவும் உண்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்துக்கு மேற்கே கார்டிஃப் நகரில், 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குளிர்நீரில் கால்களை வைத்திருந்த 90 பேரில் 13 பேரும், அவ்வாறு செய்யாத 90 பேரில் 5 பேரும், அடுத்த சில நாட்களில் தங்களுக்கு ஜலதோஷம் கண்டதாகச் சொன்னார்கள். மூக்கு குளிர்ந்திருக்கும்போது அதன் பாதுகாப்புச் சக்தி தளர்வதாகவும் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருக்கும் வைரஸுக்குக் குளிர் ஒருவேளை கதவைத் திறந்துவிடலாம். வைரஸே இல்லாத இடத்தில் அது ஜலதோஷத்தைச் சிருஷ்டிப்பதில்லை. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் பாடம் அதுவே.

ஆகவே, ஜலதோஷம் பிடித்தவன் தன்னால் பிறருக்கு அது போகாமல் காப்பது எப்படி என்பதே நமக்கு முக்கியமான கேள்வி. வியாதி கண்ட முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் வைரஸ் மிகுதியாக வெளிப்படுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். "சாதாரணச் சளிதானே" என்று நாம் அலுவலகத்துக்கும் விசேஷங்களுக்கும் போய்வரும் நாட்களும் அவையே. முடிந்தவர்கள் அந்த நாட்களில் வீட்டிலிருப்பதும், பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்வதும் பிறருக்குச் செய்யும் உபகாரம். போகாமல் தீராதென்றால் முகக்கவசம் அணிந்து போகலாம். கும்பிட இரண்டு கைகள் இருக்கும்போது கைகுலுக்க வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இல்லை. நம் முன்னோர் வகுத்த வணக்கம் இந்த விஷயத்தில் மகா சௌகரியமானது.

தும்மல் வரும்போது உள்ளங்கையால் வாயை மூடுவது மரியாதை என்று நமக்குச் சிறுவயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதை, காற்றில் போகவேண்டியதைக் கையில் ஏந்தி நண்பருக்கு நேரே கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிகிறது. முழங்கையை மடித்து அதன் உட்புறத்தில் தும்முவது நல்லது. கை எதைத் தொட்டாலும் முழங்கை மடிப்பு எதையும் தொடுவதில்லை. கைக்குட்டையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே கைக்குட்டையை நாள் முழுவதும் மூக்குக்கும் சட்டைப் பைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் கையில் புதிதாகப் பூசிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம். காகிதக் கைக்குட்டையால் துடைத்து உடனே குப்பையில் போட்டுவிடலாம். துணியே பழக்கமானால் அதை அடிக்கடி மாற்றித் துவைக்கவேண்டும். எதனால் துடைத்தாலும் பிறகு கையைக் கழுவவேண்டும். சோப்பு நுரையோடு, விரலிடுக்குகளும் நகக்கண்களும் விடாமல், இருபது விநாடியாவது தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுவது உத்தமம். ரைனோவைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை இல்லையாதலால், சாராயம் கலந்த கைத்திரவம் வேறு சில வைரஸ்களை அழிப்பதுபோல் இதை எளிதில் அழிப்பதில்லை.

வீட்டில் ஒருவருக்கு ஜலதோஷம் கண்டால் ஜன்னல்களைச் சாத்துவது நம் வழக்கம். திறந்து வைப்பதே நன்மை. நோயாளிக்குப் போர்வை கொடுங்கள். அறைக்குக் காற்றுக் கொடுங்கள். அவர் உபயோகிக்கும் துண்டு தனியாக இருக்கட்டும். பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கும், ஆஸ்துமாக்காரர், வயோதிகர், கடும் வியாதியில் மெலிந்தவர் உள்ள வீட்டுக்கும் சளியோடு போகாதிருப்பது மிக முக்கியம். நமக்கு மூக்கொழுகலாக மட்டும் இருக்கும் வைரஸ், சில மாதக் குழந்தையின் நுரையீரலில் மூச்சுத் திணறலாக மாறக்கூடும். தொட்டிலில் கிடக்கும் சிசு தும்மினால் நூறாயுசு என்று வாழ்த்தும் அன்பு, நாம் தும்மும்போது தொட்டிலை விட்டு விலகி நிற்பதிலும் வெளிப்படவேண்டும்.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாக்களுக்கு எதிரானவை. வைரஸ்களை அவை தீண்டுவதுகூட இல்லை. வேண்டாத இடத்தில் அவற்றை விழுங்குவது, வேண்டிய இடத்தில் அவை பலிக்காமல் போவதற்கே வழிசெய்யும். இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங் 1970-இல் ஒரு புத்தகம் எழுதி வைட்டமின் சி-யின் புகழைப் பரப்பினார். பின்னர் நடந்த பரீட்சைகளில், சாதாரண மக்களுக்கு அது ஜலதோஷம் வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. தினந்தோறும் உட்கொள்பவர்களுக்கு வியாதியின் காலம் சற்றே சுருங்குகிறது, அவ்வளவே. மிளகு ரசமும் வெந்நீரும் ஓய்வும் உபத்திரவத்தைத் தணிக்கும். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேன் இருமலை அடக்கும், அதற்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. நித்திரையோ மருந்தைவிட மேலானது. அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் வைரஸை விட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்றில், இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்கள், ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஜலதோஷத்துக்கு ஆளாகக்கூடியவர்களாயிருந்தார்கள் என்று 2015-இல் கண்டார்கள். மூச்சு வாங்குதல், தணியாத கடுங்காய்ச்சல், நெஞ்சுவலி, குழந்தை பால் குடிக்க மறுத்தல், பத்து நாட்களுக்கு மேல் குறையாதிருத்தல் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

ஸால்ஸ்பரி நிலையம் நாற்பத்துநான்கு ஆண்டுகள் உழைத்தபின், 1990-இல் மூடப்பட்டது. ஜலதோஷத்தைக் குணப்படுத்தும் மருந்தை அது கண்டுபிடிக்கவில்லை. அத்தனை வகை வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி செய்யவும் இன்றுவரை இயலவில்லை. ஆனால், வைரஸ் எங்கே வசிக்கிறது, எவ்வழியே போகிறது என்பதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தவர்களுள் அந்நிலையத்தார் முன்னணியில் நிற்கிறார்கள். வழி தெரிந்தபின் வாசலை அடைப்பது நம் கையில் இருக்கிறது. ஜலதோஷம் என்ற பெயரை இனி மாற்றமுடியாது. ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஜனதோஷம் என்று மனத்துக்குள் வாசித்துக்கொண்டால் போதும். அடுத்த மழை நாளில் பேரன் தும்மிக்கொண்டே வீட்டுக்குள் நுழையும்போது, எதில் நனைந்தாய் என்று விசாரிப்பதற்கு முன் அவனைக் குழாயடிக்கு அழைத்துப் போங்கள். ஜலத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுங்கள். கை கழுவுவதற்கு அது நமக்கு வேண்டும்.